தொட்டிக்குள் நிற்கும் மரம்

நர்சரியில் யுக்கா வாங்கப் போகிறவர்கள் இலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது தண்டின் உச்சியை. மணிக்கட்டுப் பருமனுள்ள அந்தத் தண்டின் மேல்முனை ரம்பத்தால் அறுத்ததுபோல் தட்டையாக இருக்கும். அறுத்ததுபோல் என்ன, அறுத்ததுதான். அந்த வட்டத்தின் மேல் மெழுகு பூசிய மெல்லிய படலம் தெரியும். அதற்குச் சற்றுக் கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு இரண்டு மூன்று இடங்களில் கிளைகள் வெளிவந்திருக்கும். அந்தக் கிளைகளின் நுனியில்தான் வாள் போன்ற இலைகள் கொத்தாக நிற்கின்றன. அடித்தண்டின் பருமனுக்கும் கிளையின் பருமனுக்கும் பொருத்தமே இருக்காது.

இது விதையிலிருந்து வளர்ந்த செடி இல்லை. குவாத்தமாலா, ஓண்டுராஸ் போன்ற மத்திய அமெரிக்க நாடுகளில் யுக்காவை வயலில் மரமாக வளர்த்து, தண்டைத் துண்டு துண்டாக அறுத்து, ஈரம் வெளியேறாமல் மேல்முனையில் மெழுகு பூசி, சரக்குப் பெட்டகங்களில் அடுக்கிப் பல நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். உள்ளூர்த் தாய்ச்செடியிலிருந்து கட்டை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைப்பதும் உண்டு. எந்த வழியில் வந்தாலும் நம் வீட்டுக்கு வரும் யுக்காவின் தண்டு வயதில் மூத்தது, வேர் வயதில் இளையது. தண்டில் நீரும் மாவுச்சத்தும் சேர்ந்திருக்கின்றன. வேரோ அண்மையில் முளைத்தது, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டால் இச்செடிக்கு நேரும் கோளாறுகளில் பாதி தானே விளங்கிவிடும். பெரிய மரம் போலத் தெரிவதால் பெரிய மரத்துக்கு ஊற்றுவதுபோல் ஊற்றுகிறோம். குடிப்பதற்கு உள்ளே அத்தனை வேர் இல்லை.

தென்னையின் தலையை வெட்டினால் மரம் செத்துவிடும். யுக்காவின் தலையை வெட்டினால் இரண்டு தலை முளைக்கும். இரண்டுமே ஒருவித்திலைத் தாவரங்கள்தாம். ஆனாலும் தென்னைக்கு உயிர் முழுவதும் உச்சிக் குருத்து ஒன்றில் இருக்கிறது. யுக்காவின் தண்டிலோ, உதிர்ந்த ஒவ்வோர் இலையின் தழும்புக்கு மேலும் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. உச்சிக்குருத்து இருக்கும்வரை அது அனுப்பும் ஆக்சின் என்ற ஹார்மோன் அவற்றை எழவிடாது. குருத்து போனதும் தடை நீங்கி, வெட்டுக்கு அருகிலுள்ள மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. இன்னொரு வேறுபாடும் உண்டு. தென்னந்தண்டு முழுப் பருமனை அடைந்தபின் மேலும் பருப்பதில்லை. யுக்காவின் தண்டிலோ சுற்றுப்புறமாக ஒரு வளர்திசு வளையம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. மா, வேம்பு போல வைரம் பாய்ந்த கட்டையை அது உண்டாக்குவதில்லை. பஞ்சு போன்ற திசுவையும் அதற்குள் சிதறிக் கிடக்கும் சாற்றுக்குழாய்க் கற்றைகளையும் உண்டாக்குகிறது. அந்தப் பஞ்சுத் திசுதான் நீர் சேமிப்புக் கிடங்கு. யுக்காவின் தண்டை அழுத்திப் பார்ப்பதே அதன் நாடியைப் பிடித்துப் பார்ப்பது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பாலைவனச் செடி என்ற பெயர்

யுக்கா பேரினத்தில் 40 முதல் 50 இனங்கள் உண்டு. எல்லாமே அமெரிக்க நிலப்பகுதிகளுக்கு உரியவை. நம் ரயில் பாதை ஓரங்களில் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு இவை நெருங்கிய சொந்தம். கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் கைவிரித்து நிற்கும் ஜோஷுவா மரமும் ஒரு யுக்காதான். அந்தப் படம் உலகெங்கும் பரவியதால் யுக்கா என்றாலே பாலைவனம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

ஆனால் வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் நிற்பது யுக்கா ஜைஜான்டியா. முன்பு யுக்கா எலிஃபான்டிபஸ் என்று அழைத்தார்கள். நர்சரிச் சீட்டுகளில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அடிமரம் யானைக்கால் போல் வீங்கிவிடுவதால் வந்த பெயர். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். எல் சால்வடார் நாடு 1995-ல் இதன் பூவைத் தேசிய மலராக அறிவித்தது. அங்கே வெண்ணிறப் பூக்களை முட்டையோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். அந்த வட்டாரத்தில் மே முதல் அக்டோபர் வரை நல்ல மழை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சி. ஆக இது மழையையே காணாத செடி இல்லை. ஆறு மாதம் நனைந்து ஆறு மாதம் காயும் மண்ணில் பழகியது. மழைக்காலத்திலும் சரிவான நிலத்தில் நீர் வடிந்து ஓடிவிடுவதால் வேரைச் சுற்றி எப்போதும் காற்று இருக்கும்.

பாலைவனச் செடி என்று நினைப்பவர்கள் இரண்டு வகையாகத் தவறுகிறார்கள். சிலர் மாதக்கணக்கில் தண்ணீரே காட்டுவதில்லை. தண்டு சுருங்கி வரி விழுகிறது. பலர், எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையில் வெளிச்சமே வராத கூடத்து மூலையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது தவறு முதலாவதைவிடக் கொடியது.

இன்னும் இரண்டு இனங்கள் நம்மிடையே உண்டு. யுக்கா அலோயிஃபோலியாவின் இலைநுனி ஊசியாகக் குத்தும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில், அவர்கள் கண் உயரத்தில், அதை வைக்கவே கூடாது. யுக்கா ஃபிலமென்டோசாவுக்குத் தண்டே வெளியில் தெரியாது. இலை ஓரங்களில் வெள்ளை நூல் பிரிந்து தொங்கும். இவை இரண்டின் உடலியல் வேடிக்கையானது. அலோயிஃபோலியா இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஃபிலமென்டோசா பெரும்பாலான செடிகளைப் போலப் பகலிலேயே வாங்குகிறது. இவ்விரண்டும் இயற்கையில் கலந்து பிறந்த யுக்கா குளோரியோசா இரண்டு வழிகளுக்கும் நடுவில் நிற்கிறது.

விற்பனைக் கடைகளில் சொல்லப்படும் ஒரு செய்தியை இங்கே திருத்த வேண்டும். இரவில் துளை திறக்கும் செடிகள் இரவில் ஆக்சிஜன் தரும் என்கிறார்கள். இரவில் அவை வாங்குவது கரியமில வாயு. ஆக்சிஜன் உண்டாவதற்கு ஒளி வேண்டும். எந்தச் செடிக்கும் இதில் விலக்கில்லை. அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பதும் அப்படியே. 2019-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, சன்னல் வழியாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 தொட்டிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. யுக்காவை அதன் அழகுக்காக வளர்க்கலாம். அந்தக் காரணமே போதும்.

கண் காட்டும் பொய் வெளிச்சம்

உச்சிவெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் விழுகிறது. மரநிழலில் பத்தாயிரம் இருக்கலாம். சன்னலை ஒட்டிய இடத்தில் ஓராயிரம் முதல் சில ஆயிரம். அதே கூடத்தில் சோபாவுக்குப் பின்னால், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், நூறோ இருநூறோதான். வெளியே இருப்பதில் ஐந்நூறில் ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவு. ஆனால் நம் கண்ணுக்கு அது அப்படித் தெரிவதில்லை. கண்மணியைச் சுருக்கி விரித்தும் விழித்திரையின் உணர்திறனைக் கூட்டிக் குறைத்தும் கண் அந்த மாபெரும் வேறுபாட்டைச் சமன்செய்துவிடுகிறது. புத்தகம் படிக்கப் போதுமான வெளிச்சம் இருக்கிறதே என்று நினைக்கிறோம். இலைக்குக் கண்ணின் இந்த வசதி கிடையாது. வந்துவிழும் ஒளியை அப்படியே எண்ணி வாங்குகிறது. அதற்கேற்ப மாவுச்சத்தைச் செய்கிறது. செல்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. துல்லியம் குறைவானாலும் வீட்டுக்குள் ஓரிடத்தையும் இன்னோரிடத்தையும் ஒப்பிட அது போதும்.

வெளிச்சம் போதாத யுக்காவை அடையாளம் காண்பது எளிது. புது இலைகள் மெலிந்து, நீண்டு, வெளிறி, நடுவில் மடங்கித் தொங்கும். கிளை ஒரே பக்கம் சாயும். இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் ஊற்றுபவர்கள் ஏராளம். அழிவு இங்கேதான் தொடங்குகிறது. ஒளி குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும். ஆவியாகும் நீரும் குறையும். வேர் உறிஞ்சுவதும் குறையும். வெயிலில் நான்கு நாளில் காயும் தொட்டி மூலையில் மூன்று வாரமானாலும் ஈரமாக இருக்கும். ‘வாரம் ஒருமுறை தண்ணீர்’ என்று எழுதிக்கொடுக்கும் சீட்டு எந்தச் சன்னலைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்வதில்லை. ஆகவே அந்தச் சீட்டால் பயனில்லை.

யுக்காவுக்கு நம் ஊரில் பொருத்தமான இடம் கிழக்கு பார்த்த பால்கனி, அல்லது காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரமாவது விழும் சன்னல். மொட்டைமாடியின் முழு வெயிலும் அதற்குப் பகையில்லை. ஆனால் கூடத்தில் மாதக்கணக்கில் இருந்த செடியை ஒரே நாளில் மாடிக்கு ஏற்றினால் இலைகளில் வெள்ளையாகத் தீய்ந்த திட்டுகள் விழும். நிழலில் உருவான இலையில் ஒளியை வாங்கும் பச்சையம் செறிந்திருக்கும். மிஞ்சிய ஒளியை வெப்பமாக வெளியேற்றும் பாதுகாப்பு ஏற்பாடு குறைவாக இருக்கும். திடீரென்று வந்துவிழும் வெயில் அந்த இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பையே சிதைத்துவிடுகிறது. தீய்ந்த திட்டு மறுபடி பச்சையாகாது. இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். கத்திரி வெயில் நாள்களில் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியைத் தளத்தின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். இலை தாங்கினாலும், தொட்டிச் சுவரை ஒட்டிய வேர்கள் வெந்துபோகும்.

வேரின் மூச்சு

இலை மூச்சுவிடுகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். வேரும் மூச்சுவிடுகிறது. உப்புகளை உள்ளிழுக்கவும் புது நுனிகளை வளர்க்கவும் அதற்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்று இடைவெளிகள் வழியாகத்தான் அது வருகிறது. அந்த இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால்? நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. வேர்நுனிகள் திணறிச் சாகின்றன. செத்த திசுவில் பித்தியம், ஃபைட்டாஃப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் புகுந்து அழுகலை மேலேற்றுகின்றன. வேரழுகல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூச்சுத்திணறலில் தொடங்கிய நோய்.

இதற்கு மருந்தாகப் பலர் தொட்டியின் அடியில் ஜல்லி அடுக்கு போடுகிறார்கள். நீர் வடியும் என்பது நம்பிக்கை. நடப்பது நேர்மாறானது. இதைப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை வைத்துச் சமையலறையிலேயே சோதிக்கலாம். செவ்வகப் பஞ்சை நீரில் முழுக்க நனைத்து, பிழியாமல், படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டி முடிந்தபின் அதே பஞ்சைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். பஞ்சின் நுண்துளைகள் நீரைப் பிடித்து நிறுத்துகின்றன. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரம்வரை பிடிப்பு விசை வென்று அங்கே நீர் நிறைந்து நிற்கும். பஞ்சு உயரமாக நிற்கும்போது நிறைந்த பகுதி மொத்தத்தில் சிறு பங்கு. படுத்திருக்கும்போது பெரும் பங்கு.

தொட்டி மண்ணும் இப்படித்தான். அதன் அடியில், மண்ணின் துகள் அளவைப் பொறுத்து, சில அங்குல உயரத்துக்கு நீர் நிறைந்த மண்டலம் ஒன்று நிலையாக இருக்கும். துளை எத்தனை போட்டாலும் அது மறையாது. அடியில் ஜல்லியைக் கொட்டினால் அந்த ஈர மண்டலம் ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். நுண்துளையுள்ள மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முற்றிலும் நிறைந்தபின்தான் இறங்கும். வேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய உலர்ந்த இடம் ஜல்லிக்குப் போய்விடுகிறது. துளையில் மண் ஒழுகாமலிருக்க ஓட்டுச்சில் ஒன்று போதும். ஜல்லியை அடியில் அடுக்காமல் மண்ணோடு கலக்க வேண்டும்.

என் கலவை இது: செம்மண் ஒரு பங்கு, கழுவி நுண்தூள் நீக்கிய எம்-சாண்ட் ஒரு பங்கு, பட்டாணி அளவில் உடைத்த செங்கல் ஒரு பங்கு, மட்கிய உரம் அரைப் பங்கு. கடைகளில் கிடைக்கும் தேங்காய்நார்த் தூளை மட்டும் நிரப்பிய தொட்டியில் யுக்கா நெடுநாள் நலமாக இருப்பதில்லை. அது நீரைக் கட்டிப்பிடித்து வைக்கும். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததானால் உப்பும் இருக்கும். உயரமான மண்தொட்டியே மேல். அதன் சுவர்வழி ஈரம் ஆவியாகும். மேலே பாரமான செடி சாயாமல் கனமும் கொடுக்கும். தொட்டி, வேர்க்கட்டியைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டி என்றால் வேர் எட்டாத மண் அதிகம். அந்த மண் காயவே காயாது. துளையில்லாத பீங்கான் சாடியில் நேரடியாக நடுவதைப் பற்றி ஒன்றே சொல்வேன்: நடாதீர்கள்.

எப்போது ஊற்றுவது? ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் பாதி ஆழத்துக்குச் செருகி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈரக்கறையோ மண்ணோ ஒட்டியிருந்தால் இன்னும் காத்திருக்கலாம். உலர்ந்து வந்தால் தொட்டி முழுதும் நனைந்து அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு தம்ளர் என்ற பழக்கம் கெடுதல். மேல்மண் எப்போதும் ஈரம், அடிவேருக்கு எப்போது என்ன வரும் என்று தெரியாது. அடித்தட்டில் வடிந்த நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். யுக்காவுக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் இது தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டு நீரிலேயே முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தட்டுகளை எடுத்துவிட்டு, மாடியிலுள்ள தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

அறிகுறிகளைப் படிப்பது

அடி இலைகள் ஒன்றிரண்டு மெல்ல மஞ்சளாகிக் காய்ந்தால் கவலை வேண்டாம். செடி பழைய இலையிலுள்ள நைட்ரஜனை உருவி மேலே புது இலைக்கு அனுப்புகிறது. காய்ந்ததைக் கீழ்நோக்கி இழுத்து எடுத்துவிடலாம். ஒரே சமயத்தில் பல இலைகள் மஞ்சளானால், அதிலும் நடுக் குருத்தும் சேர்ந்து வெளிறினால், உடனே தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து, மண் எலும்பாகக் காய்ந்திருந்தால் தாகம். கெட்டியாக இருந்து மண் ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி, வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். அடித்தண்டு விரலுக்கு அமுங்கினால், பட்டை உள்ளே எதுவும் இல்லாததுபோல் கழன்று நகர்ந்தால், அழுகல் தண்டுக்கு ஏறிவிட்டது.

அப்போது தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவிலுள்ள நூல் மட்டும் கையில் மிஞ்சும். சாக்கடை நாற்றமும் அடிக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களின் வேலை அது. வேர் மட்டும் கெட்டிருந்தால் கெட்டதை நறுக்கி, புதுக் கலவையில் நடலாம். தண்டும் கெட்டிருந்தால் கீழிருந்து மேலாக வில்லை வில்லையாக வெட்டிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளியே இல்லாமல் தந்தநிறமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தத் துண்டை நிழலில் ஒரு வாரம் காயவைத்து, வெட்டுவாய் தோல்போல் ஆனபின், லேசாக ஈரமான மணலில் நடுங்கள்.

இலைநுனி கருகுவது வேறு கதை. வாசகர்கள் இதைத் தண்ணீரின் அளவோடு தொடர்புபடுத்திப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது தண்ணீரின் தரத்தோடு தொடர்புடையது. வேர் உறிஞ்சும் நீர் இலைக்குப் போய் ஆவியாகிறது. நீரில் கரைந்து வந்த ஃபுளூரைடு ஆவியாவதில்லை. நீரோட்டம் முடியும் இடம் இலைநுனி. அங்கே அது சிறுகச் சிறுகச் சேர்ந்து திசுவைக் கொல்கிறது. யுக்காவும் அதன் தூரத்து உறவான டிரசீனாவும் ஃபுளூரைடைச் சிறிதும் தாங்காத செடிகள். மனிதர் குடிப்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கிறது. நாம் குடிக்கத்தகும் அந்த நீரே இந்தச் செடிகளின் நுனியைக் கருக்கப் போதுமானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தடுப்பு இடம்பெற்றது அதனால்தான். அங்கே போர்வெல் நீர் ஊற்றி யுக்கா வளர்ப்பவர்கள் கருகிய நுனியைக் கண்டு தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைப்பது உதவாது. நீர் குறைந்து ஃபுளூரைடின் அடர்த்திதான் கூடும். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், ஃபுளூரைடு போகாது. சூப்பர் பாஸ்பேட் உரம் ராக் பாஸ்பேட்டிலிருந்து வருவதால் அதில் ஃபுளூரைடும் கூடவே வரும். யுக்காத் தொட்டியில் அதைப் போடக்கூடாது. மண் அமிலமாக இருந்தால் வேர் அதை மேலும் எளிதாக உறிஞ்சும். தொட்டி மண்ணில் சிறிது சுண்ணாம்புத்தூள் கலப்பது நல்லது.

நகரங்களில் வேறொரு பழக்கம் பரவியிருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் சுத்த நீரைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சுவதால் அதில் உப்பு குழாய் நீரைவிடக் கூடுதல். தொட்டியில் ஊற்ற ஊற்ற நீர் போய் உப்பு தங்கும். மண்மேல் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுதான். அந்த நீரை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வையுங்கள். யுக்காவுக்கு மழைநீர் மிகச் சிறந்தது. தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாயின் வாயில் ஒரு வாளி வைத்தால் போதும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் உப்பில்லாததே. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் தேங்கிய உப்பு கழுவிப்போகும். உரம், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 போதும். பைமேல் எழுதியிருப்பதில் பாதி அளவு, வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை. நோயுற்ற செடிக்கு உரம் வேண்டாம்.

பூச்சிகளில் முதலிடம் மாவுப்பூச்சிக்கு. இலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுபோல் ஒளிந்திருக்கும். அதற்கு முன்பே எறும்பு வரிசை காட்டிக்கொடுத்துவிடும். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்துளிக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளிக்கும் மருந்து எளிதில் உடலைத் தொடாது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைப்பதும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்போடு கரைத்து மாலையில் தெளிப்பதும் வாரம் ஒருமுறை மூன்று நான்கு தடவை செய்தால் அடங்கும். கொடிய நஞ்சுகளுக்குப் போகவே வேண்டாம். 2008-ல் கோவையில் தென்பட்டுப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது எந்த மருந்தும் இல்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற நுண்குளவி. மருந்தடித்தால் இப்படிப்பட்ட துணைவர்களைத்தான் முதலில் இழக்கிறோம். கோடையில் இலை முழுதும் ஊசிப்புள்ளியாக வெளிறினால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்புறத்தைக் குழாய் நீரால் அடித்துக் கழுவுங்கள்.

விதை இல்லாத தேசத்தில்

இத்தனை காலமாக நம் ஊரில் யுக்காவை ஏன் கட்டை வெட்டியே பெருக்குகிறார்கள்? விதைக்கு ஓர் அந்துப்பூச்சி வேண்டும். 1872-ல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கல்மான், யுக்காப் பூவில் சிறு வெள்ளை அந்துகள் திரிவதைக் கவனித்துப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலியிடம் சொன்னார். ரைலி இரவில் பூக்களுக்கருகே காத்திருந்து கண்டது உயிரியலில் மிக வியப்பான உறவுகளுள் ஒன்று. பெண் அந்து தன் வாய்ப்பகுதியிலுள்ள உணர்கொம்பு போன்ற உறுப்பால் மகரந்தத்தைத் திரட்டி, உருண்டையாக்கி, தலைக்குக் கீழே சுமந்துகொண்டு வேறொரு பூவுக்குப் பறக்கிறது. அங்கே சூலகத்தைத் துளைத்து முட்டையிடுகிறது. பிறகு சூலகமுடிக்கு ஏறி, கொண்டுவந்த மகரந்தத்தைத் தானே உள்ளே திணிக்கிறது. அதன் புழுக்கள் வளரும் விதைகளில் சிலவற்றைத் தின்னும், மற்றவை மிஞ்சும். அந்து பேராசைப்பட்டு முட்டைகளை அதிகமாக இட்டால், ஃபிலமென்டோசா அந்தப் பூவையே உதிர்த்துவிடுகிறது என்று 1994-ல் கண்டறிந்தார்கள். அந்த அந்துகள் அமெரிக்க நிலப்பகுதிகளுக்கு வெளியே இல்லை. அதனால் நம் ஊர்ப் பூங்காக்களில் மணிமணியாகப் பூத்தாலும் பெரும்பாலான யுக்காக்கள் காய் வைப்பதில்லை. அலோயிஃபோலியா மட்டும் தேனீயின் துணையோடும் காய்க்கக் கூடியது.

ஆகவே நமக்குக் கத்திதான் வழி. செடி கூரையைத் தொட்டுவிட்டதா? தயங்காமல் விரும்பிய உயரத்தில் அறுங்கள். தை, மாசி தொடங்கி வெயில் ஏறும் காலம் ஏற்றது. அறுபட்ட அடித்தண்டு சில வாரங்களில் துளிர்க்கும். மேல்துண்டை ஒரு சாண் நீளத் துண்டுகளாக்கி நடலாம். அறுக்கும் முன்பே ஒவ்வொன்றிலும் மேல்முகத்தை அம்புக்குறியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்சின் தண்டில் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பயணம் செய்யும். அது சேரும் கீழ்முனையில்தான் வேர் முளைக்கும். தலைகீழாக நட்டால், வேர் வரவேண்டிய முனை காற்றில் நிற்கும்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் வெட்டிய துண்டுகளையும் உதிர்ந்த இலைகளையும் உடனே அப்புறப்படுத்துங்கள். யுக்காவில் சப்போனின் என்ற நுரைக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடி மக்கள் வேரை நசுக்கித் தலைக்கு நுரை தேய்த்துக் குளித்தது அதனால்தான். மென்று விழுங்கும் பூனைக்கு அது வாந்தியையும் எச்சில் ஒழுகலையும் தரும்.

வாடிய யுக்காவைக் குப்பைக்கு அனுப்பும் முன் உச்சியிலிருந்து அடிவரை தண்டை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வேர் முழுதும் அழுகியிருக்கலாம், இலை ஒன்றுகூட மிஞ்சாமல் போயிருக்கலாம். ஒரு சாண் நீளம் கெட்டியாக இருந்தால் அதில் உயிருள்ள மொட்டு இருக்கும், அதை நட்டுவிடுங்கள்.